குர்க்குமின்

குர்க்குமின் என்பது மஞ்சள் கிழங்கிற்கு அதன் நிறத்தைத் தரும் இயற்கை வேதிச் சேர்மம் ஆகும். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் செடியின் நிலத்தடித் தண்டில் இது உருவாகின்றது. தாவரங்களில் பரவலாகக் காணப்படும் பாலிபீனால்கள் என்னும் சேர்ம வகையுள் இது அடங்கும். உணவிற்கு நிறமூட்டவும், துணிக்குச் சாயமேற்றவும், ஆய்வகங்களில் காரத்தையும் போரானையும் கண்டறியவும் இது பயன்பட்டு வருகின்றது. அழற்சி முதல் புற்றுநோய் வரை பல நோய்களுக்கு மருந்தாகக்கூடும் என்ற எதிர்பார்ப்பில், 1990களுக்குப் பின்னர் இச்சேர்மம் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்துள்ளன. எனினும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் எந்தவொரு நோய்க்கும் மருந்தாக இதற்கு ஏற்பளிக்கவில்லை.

மஞ்சளும் குர்க்குமினும் ஒன்றல்ல. காய்ந்த மஞ்சளின் எடையில் பெரும்பகுதி மாவுப்பொருள் ஆகும். நறுமண எண்ணெய், நார்ப்பொருள், புரதம் ஆகியனவும் உண்டு. குர்க்குமின் அதில் ஒரு சிறு பகுதியே. மஞ்சளைப் பற்றிய மரபுவழி அறிவைக் குர்க்குமின் மாத்திரைக்குச் சான்றாகக் காட்டுவதும், குர்க்குமினைக் கொண்டு நடந்த ஆய்வினைச் சமையல் மஞ்சளுக்குச் சான்றாகக் காட்டுவதும் விளம்பரங்களில் அடிக்கடி நிகழும் குழப்பங்கள் ஆகும்.

பெயரும் கண்டுபிடிப்பும்

மஞ்சள் பேரினத்தின் அறிவியற் பெயரான குர்க்குமா, 'குர்க்கும்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அச்செடியிலிருந்து பெறப்பட்டதால் சேர்மத்திற்குக் குர்க்குமின் என்று பெயரிடப்பட்டது. 1815 ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியர் ஆகிய இருவர் மஞ்சளிலிருந்து நிறப்பொருளைப் பிரித்தெடுத்து இப்பெயரைச் சூட்டினர். இவர்களுள் பெல்லெட்டியர், பின்னர் 1820 இல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்த இருவருள் ஒருவர் ஆவார். 1815 இல் கிடைத்த பொருள் தூய சேர்மம் அன்று. பிசினும் எண்ணெயும் கலந்த கலவையே என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

மூலக்கூறின் கட்டமைப்பு தெளிவாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. போலந்து நாட்டு வேதியியலாளர்களான மிலொபெட்சுக்கா, கொசுட்டனெக்கி, லாம்பே ஆகியோர் 1910 இல் இதன் கட்டமைப்பை வெளியிட்டனர். 1913 இல் லாம்பே இதனைச் செயற்கையாகத் தொகுத்தார். மஞ்சளின் நிறம் ஒரே சேர்மத்தால் ஆனதன்று, நெருங்கிய உறவுடைய மூன்று சேர்மங்களால் ஆனது என்பது 1953 இல் சீனிவாசன் என்பவர் நிறப்பகுப்பு முறையில் மேற்கொண்ட ஆய்வின் மூலம் தெரியவந்தது. இம்மூன்றும் சேர்ந்து குர்க்குமினாய்டுகள் எனப்படுகின்றன. கடைகளில் 'குர்க்குமின்' என விற்கப்படும் பொருள் பெரும்பாலும் இம்மூன்றின் கலவையே ஆகும். அதில் குர்க்குமினின் பங்கு ஏறக்குறைய முக்கால் பங்கு.

வேதியியல்

குர்க்குமின் மூலக்கூறில் 21 கரிம அணுக்களும், 20 ஐதரசன் அணுக்களும், 6 ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. இரு முனைகளிலும் பீனால் வளையங்கள் அமைய, அவற்றை ஏழு கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி இணைக்கின்றது. வளையங்களிலும் சங்கிலியிலும் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால் எதிர்மின்னிகள் மூலக்கூறு முழுவதும் பரவி நிற்கின்றன. இவ்வமைப்பு ஊதா மற்றும் நீல நிற ஒளியை உறிஞ்சுகின்றது. எஞ்சிய ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றது.

இது நீரில் ஏறத்தாழ கரைவதே இல்லை. எத்தனாலிலும் எண்ணெயிலும் கரையும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கினால் தூள் அடியில் படிவதும், சூடான எண்ணெயில் இட்டால் எண்ணெய் முழுவதும் நிறமேறுவதும் இதனாலேயே. ஒளிபட்டால் குர்க்குமின் சிதையும். துணியில் பட்ட மஞ்சள் கறை துவைத்துப் போகாவிடினும் வெயிலில் உலர்த்த வெளிறிவிடுவதை யாவரும் கண்டிருப்பர். சாயமாகப் பயன்படுத்தும்போது இதுவே அதன் பெருங்குறையாகின்றது.

காரத்தன்மை மிகும்போது குர்க்குமின் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு நிறத்திற்கு மாறும். மஞ்சள் தோய்த்த தாள் பள்ளி ஆய்வகங்களில் காரங்காட்டியாகப் பயன்படுகின்றது. ஆய்வகத்திற்குச் செல்லாமலும் இதனைக் காணலாம். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டவுடன் அது சிவப்பது இவ்வினையே. மணமக்களுக்குச் சுற்றும் ஆலத்தி நீர், மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கப்படுவது. மரபு முறையில் செய்யப்படும் குங்குமமும் மஞ்சளைச் சுண்ணாம்பு, வெங்காரம் போன்றவற்றுடன் சேர்த்துச் சிவப்பாக்கிப் பெறுவதே ஆகும். வெங்காரம் போரான் அடங்கிய உப்பு. அமிலச் சூழலில் போரிக் அமிலத்துடன் குர்க்குமின் இணைந்து ரோசோசயனின் என்னும் சிவப்புச் சேர்மத்தைத் தருகின்றது. நீரிலும் மண்ணிலும் உள்ள போரானின் அளவைக் கண்டறியும் ஆய்வு முறை ஒன்று இவ்வினையை அடிப்படையாகக் கொண்டது. இன்று கடைகளில் கிடைக்கும் குங்குமம் பலவும் செயற்கைச் சாயத்தால் ஆனவை. அவற்றில் இவ்வேதியியல் எதுவும் இல்லை.

உணவில் உள்ள அளவு

காய்ந்த மஞ்சளில் குர்க்குமினாய்டுகள் எடையில் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். இவ்வளவு மஞ்சளின் வகை, விளைந்த நிலம், பதப்படுத்திய முறை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகின்றது. மேகாலயாவில் விளையும் இலக்கடாங்கு மஞ்சளில் இது 7 விழுக்காட்டை எட்டுகின்றது. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள், விரலி என்றும் கிழங்கு என்றும் தரம் பிரித்து ஏலத்திற்கு வருகின்றது. நிறத்தைப் பார்த்துக் குர்க்குமினின் அளவை ஓரளவு ஊகிக்கலாம் என்றாலும், பின்னர் கூறப்படும் கலப்படம் அவ்வூகத்தைப் பொய்யாக்கிவிடும். முகத்திற்குப் பூசும் கத்தூரி மஞ்சள் வேறு இனத்தைச் சேர்ந்தது. அதில் குர்க்குமின் குறைவு.

இந்தியர் ஒருவர் நாளொன்றுக்கு 2 முதல் 2.5 கிராம் வரை மஞ்சள் உண்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அதிலிருந்து கிடைக்கும் குர்க்குமின் 60 முதல் 100 மில்லிகிராம் வரை ஆகும். மருந்துக் கடையில் கிடைக்கும் குப்பி மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் இருப்பது இயல்பு. மூன்று விழுக்காடு குர்க்குமின் உள்ள மஞ்சளாகக் கணக்கிட்டால், அந்த ஒரு மாத்திரை 16 கிராமிற்கும் மேற்பட்ட மஞ்சளுக்கு, அதாவது ஐந்து அல்லது ஆறு தேக்கரண்டித் தூளுக்கு ஈடாகும். ஒரு நாள் சமையலில் எந்த வீட்டிலும் ஒருவருக்கு இவ்வளவு மஞ்சள் இடுவதில்லை.

சமைக்கும்போது குர்க்குமினில் ஒரு பகுதி அழிகின்றது. மைசூரிலுள்ள நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேகவைக்கும்போது 27 முதல் 53 விழுக்காடு வரை குர்க்குமின் இழக்கப்படுகின்றது. அழுத்தச் சமையற்கலனில் (குக்கரில்) பத்து நிமிடம் வேகும்போது இழப்பு மிகுதி. ஆனால் புளி சேர்த்துச் சமைத்தபோது இழப்பு 12 முதல் 30 விழுக்காடாகக் குறைந்தது. குர்க்குமின் அமிலச் சூழலில் நிலைத்தும், காரச் சூழலில் விரைந்து சிதைந்தும் போகும் தன்மையது என்பதால் இம்முடிவு வியப்பிற்குரியதன்று. சாம்பாரும் இரசமும் இவ்வகையில் பருப்புக் கடைசலை விடச் சற்று மேலானவை எனலாம்.

ஈ100 என்னும் குறியீட்டில் குர்க்குமின் உணவு நிறமூட்டியாக ஏற்கப்பட்டுள்ளது. பாலாடைக்கட்டி, வெண்ணெய், இனிப்புகள், கடுகுக் குழம்பு போன்ற மேலைநாட்டு உணவுகளில் இது சேர்க்கப்படுகின்றது. உடல் எடையில் கிலோகிராமிற்கு 3 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்ணலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழுக்கள் வரையறுத்துள்ளன. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 180 மில்லிகிராம் ஆகும். வீட்டு உணவு இவ்வரம்பிற்குள் அடங்குகின்றது. மேற்குறித்த மாத்திரை அடங்குவதில்லை.

உடலில் நிகழ்வது

உண்ட குர்க்குமின் குருதியைச் சென்றடைவது மிகவும் அரிது. நீரில் கரையாததால் குடலில் அதன் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் மலத்துடன் வெளியேறுகின்றது. உறிஞ்சப்படும் சிறு பகுதியையும் குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ இணைத்து, விரைவில் கழிவாக்கிவிடுகின்றன. 2006 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நலமுள்ள 24 பேருக்கு 0.5 கிராம் முதல் 12 கிராம் வரை ஒரே வேளையில் குர்க்குமின் கொடுக்கப்பட்டது. 8 கிராம் வரை உண்ட எவருடைய குருதியிலும் அது தென்படவில்லை. 10 கிராமும் 12 கிராமும் உண்டவர்களுள் இருவரிடம் மட்டும் சிறிதளவு காணப்பட்டது.

உடற்சூழலில் இதன் நிலைப்பும் குறைவு. குருதியை ஒத்த, சற்றே காரத்தன்மையுடைய, 37 பாகை செல்சியசு வெப்பமுள்ள கரைசலில் வைத்தபோது அரை மணி நேரத்திற்குள் 90 விழுக்காடு சிதைந்துவிட்டதாக 1997 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. சிதைவில் கிடைக்கும் பொருள்களுள் வெனிலா மணத்திற்குக் காரணமான வெனிலினும் ஒன்று.

மிளகிலுள்ள பிப்பெரின், குர்க்குமினைக் கழிவாக்கும் நொதிகளைத் தடுக்கின்றது. பெங்களூரில் நடந்து 1998 இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பிப்பெரின் சேர்த்துக் கொடுத்தபோது, குருதியில் சேரும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. இவ்வெண் இன்று ஏறத்தாழ எல்லாக் குர்க்குமின் விளம்பரங்களிலும் இடம்பெறுகின்றது. ஆனால் குர்க்குமினை மட்டும் கொடுத்தபோது குருதியில் இருந்த அளவு கண்டறிய இயலாத அளவிற்குக் குறைவு என்பதை விளம்பரங்கள் கூறுவதில்லை. மிகச் சிறிய எண்ணின் இருபது மடங்கும் சிறிய எண்ணே. தவிர, பிப்பெரின் தடுக்கும் நொதிகள் மருந்துகளையும் சிதைப்பவை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவு பிப்பெரினால் குருதியில் உயர்வது அறியப்பட்டுள்ளது. மிளகும் மஞ்சளும் இட்ட பாலில் இதற்கு அஞ்ச வேண்டிய அளவு இல்லை. செறிவூட்டிய மாத்திரைகளில் கவனம் தேவை.

மருத்துவ ஆய்வுகள்

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் குர்க்குமின் எதையும் செய்ய வல்லதாகத் தோன்றுகின்றது. 1949 இலேயே அதன் பாக்டீரியா எதிர்ப்புத் தன்மை நேச்சர் இதழில் வெளியானது. ஆக்சிசனேற்ற எதிர்ப்பு, அழற்சி குறைப்பு, புற்றணு அழிப்பு எனப் பட்டியல் நீண்டுகொண்டே செல்கின்றது. இந்த நீளமே ஐயத்திற்குரியது என்று மருந்து வேதியியலாளர் பலர் கருதுகின்றனர். குர்க்குமின் தானே ஒளிர்வது, உலோகங்களைப் பற்றிக்கொள்வது, புரதங்களுடன் கண்டபடி வினைபுரிவது, உயிரணுச் சவ்வுகளைக் குலைப்பது. எனவே ஒரு புரதத்தின் மீது அது செயற்படுகின்றதா எனச் சோதிக்கும் கருவி, செயற்படாதபோதும் 'ஆம்' என்று காட்டக்கூடும். மேலும் இவ்வாய்வுகளில் பயன்படுத்தப்படும் செறிவு, உண்பதனால் குருதியில் ஒருபோதும் எட்ட முடியாத செறிவாக இருப்பது வழக்கம்.

2017 ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் குமுகத்தின் மருந்து வேதியியல் இதழில் இது பற்றிய விரிவான திறனாய்வு வெளியானது. 120 இற்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், மருந்துப்போலியுடன் ஒப்பிட்டு இரட்டை மறைப்பு முறையில் நடத்தப்பட்ட எந்தச் சோதனையும் வெற்றி பெறவில்லை என்று அதன் ஆசிரியர்கள் எழுதினர். இம்முடிவு மிகக் கடுமையானது என்று மறுத்தோரும் உண்டு. இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட அமெரிக்க ஆய்வாளர் ஒருவரின் பல கட்டுரைகள், படங்கள் திருத்தப்பட்டிருந்த காரணத்தால் மீளப்பெறப்பட்டதும் துறையின் நம்பகத்தன்மையைப் பாதித்தது.

ஓரளவு நம்பிக்கை தரும் முடிவுகள் முழங்கால் மூட்டுத் தேய்வில் கிடைத்துள்ளன. தாய்லாந்தில் 367 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2014 இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு நான்கு வாரங்களில் 1200 மில்லிகிராம் ஐபுபுரோபனுக்கு ஈடாக வலியைக் குறைத்தது; வயிற்று உபாதைகள் குறைவாக இருந்தன. அதே நாட்டில் 2023 இல் வெளியான மற்றொரு சோதனையில், செரிமானக் கோளாறு உடையோரிடம் குர்க்குமின் ஒமெப்பிரசோலுக்கு நிகராகச் செயற்பட்டது. ஆனால் அதில் மருந்துப்போலி கொடுக்கப்பட்ட பிரிவு இல்லை. தானாகவே குறையக்கூடிய தொல்லைகளில் இக்குறை பெரிது.

மறதி நோயான ஆல்சைமர் நோயில் குர்க்குமின் பயன் தரவில்லை என 2012 இல் வெளியான 24 வாரச் சோதனை காட்டியது. பெருந்தமனி வீக்கத்திற்கு அறுவை செய்துகொள்ளவிருந்த 606 பேருக்குக் கனடாவில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான சோதனை இன்னும் முக்கியமானது. குர்க்குமின் அழற்சியைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் என்ற எண்ணத்தில் தொடங்கப்பட்ட அச்சோதனையில் அழற்சி குறையவில்லை. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு மருந்துப்போலி உண்டவர்களிடம் 10 விழுக்காடும், குர்க்குமின் உண்டவர்களிடம் 17 விழுக்காடும் காணப்பட்டது.

புற்றுநோயைப் பொறுத்தவரை, குர்க்குமின் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதரிடம் சான்று இல்லை. வேதிச்சிகிச்சையை நிறுத்திவிட்டு இதனை உண்பது உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

தீய விளைவுகள்

உணவில் சேரும் மஞ்சளால் நலமுள்ளோர்க்குத் தீங்கு நேர்வதாகச் சான்று இல்லை. செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

2018 இன் இறுதியிலிருந்து இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உண்டவர்களிடம் கல்லீரல் அழற்சி அடுத்தடுத்துப் பதிவாயிற்று. 2019 இல் அந்நாட்டு அரசு இதனை ஆராய்ந்தது. மாசோ கலப்படமோ காரணமாகக் கண்டறியப்படாத நிலையில், 2022 இல் மாத்திரை உறைகளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியதுடன், கல்லீரலுக்கு நன்மை தரும் என்று எழுதுவதையும் தடைசெய்தது. கல்லீரலைக் காக்கும் எனக் கூறியே பல நாடுகளில் இம்மாத்திரை விற்கப்படுகின்றது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்பினைப் பதிவு செய்யும் ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் தொடர்பான 10 நோயாளிகளின் விவரங்களை 2022 இல் வெளியிட்டது. ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். பத்துப் பேரில் ஏழு பேர் நோயெதிர்ப்பு அமைப்புடன் தொடர்புடைய குறிப்பிட்ட மரபணு வகை ஒன்றைக் கொண்டிருந்தனர். எனவே பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேராது. சிலருக்கு மட்டும் கடுமையான பாதிப்பு நேரும் என்று கருதப்படுகின்றது. தம்மிடம் அவ்வகை உள்ளதா என்பதை உண்பவர் முன்கூட்டி அறிந்திருப்பதில்லை. சோதிக்கப்பட்ட மாத்திரைகளுள் பிப்பெரின் சேர்த்தவையும் இருந்தன. இத்தகைய மாத்திரையை உண்பவர்க்குக் கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், அரிப்பு, பசியின்மை ஆகியவை தோன்றினால் உடனே அதனை நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும். குருதி உறையாமலிருக்க மருந்து உண்போரும், பித்தப்பைக் கல் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது.

கலப்படம்

பளிச்சென்ற நிறமே நல்ல மஞ்சளுக்கு அடையாளம் என்று நுகர்வோர் கருதுவதால், நிறத்தைக் கூட்டும் கலப்படம் நெடுங்காலமாக நிகழ்கின்றது. மெட்டானில் மஞ்சள் என்னும் தொழிற்சாலைச் சாயம் அவற்றுள் ஒன்று. அதனிலும் கொடியது ஈயக் குரோமேட்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சாகும். இதற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை.

வங்காளதேசத்தில் கருவுற்ற பெண்களின் குருதியில் ஈயம் மிகுந்திருந்ததற்கான காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், அது மஞ்சளிலிருந்து வந்ததை 2019 இல் உறுதிப்படுத்தினர். 1980களில் வெள்ளத்தால் ஒழுங்காக உலராது நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காக அங்கு இவ்வழக்கம் தொடங்கியதாகக் கூறப்படுகின்றது. அரசு சந்தைகளில் சோதனையிட்டுத் தண்டனை வழங்கியதன் விளைவாக, ஈயம் காணப்பட்ட மஞ்சள் மாதிரிகளின் பங்கு 2019 இல் 47 விழுக்காடாக இருந்தது 2021 இல் சுழியமாயிற்று. உணவுக் கலப்படம் இவ்வளவு விரைவில் ஒழிந்தது அரிது. ஆயினும் இந்தியா, பாக்கித்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் மஞ்சளை ஆராய்ந்து 2024 இல் வெளியான கட்டுரை, பட்டினா, கராச்சி, பெசாவர் ஆகிய நகரங்களில் மிக உயர்ந்த அளவில் ஈயம் இருந்ததைக் காட்டியது. முழு மஞ்சளை வாங்கி அரைப்பது தூளில் நேரும் கலப்படத்தைத் தவிர்க்க உதவும். ஆனால் ஈயக் குரோமேட்டு பெரும்பாலும் கிழங்கை மெருகேற்றும்போதே மேலே பூசப்படுவதால், முழு மஞ்சளிலும் மிகையான பளபளப்பைக் கண்டால் ஐயுறுதல் நன்று.

காப்புரிமை வழக்கு

1995 மார்ச்சில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் 1996 இல் இதனை எதிர்த்தது. இந்தியாவில் வழிவழியாக அறியப்பட்ட முறை என்று கூறுவது மட்டும் போதவில்லை. அச்சில் வந்த சான்று கோரப்பட்டது. 1953 இல் இந்திய மருத்துவக் கழக இதழில் வெளியான கட்டுரை உட்பட 32 சான்றுகளை மன்றம் அளித்தது. 1997 இல் காப்புரிமை நீக்கப்பட்டது. இவ்வழக்கின் பட்டறிவே, இந்திய மரபு மருத்துவ நூல்களிலுள்ள குறிப்புகளைக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கும் வகையில் தொகுக்கும் மரபறிவு மின்னூலகம் 2001 இல் தொடங்கப்படக் காரணமாயிற்று. சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் அதில் இடம்பெற்றுள்ளன.

குர்க்குமின் இயற்கையில் கிடைக்கும் சேர்மம் என்பதால் அதற்கே காப்புரிமை பெறுவது கடினம். அதனைக் கொழுப்புடனோ நுண்துகள்களாகவோ சேர்த்து உறிஞ்சலைக் கூட்டும் வடிவங்களுக்கே நிறுவனங்கள் காப்புரிமை பெறுகின்றன. ஒவ்வொரு வடிவமும் உடலில் வெவ்வேறு அளவில் சேர்வதால், ஒன்றில் கிடைத்த சோதனை முடிவு மற்றொன்றிற்குப் பொருந்தாது.